இரண்டு பெயரில் ஒரே குளிசை: பேராதனையின் சேனக பிபிலே

என் சித்தியின் தலைக்குள் ஒரு செல் துண்டு இருக்கிறது. 2009 ஏப்ரலில் புகுந்தது. எடுக்கப் போனால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். முகாமிலிருந்து வெளியே வந்து ஆறு மாதத்தில் வலிப்பு தொடங்கியது. அன்றிலிருந்து மாதாமாதம் கிளினிக், கடதாசி உறையில் பெனிட்டோயின் குளிசை, அதற்கு மேல் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சில வருடங்களுக்கு முன் சித்தி நடக்கும்போது தள்ளாடத் தொடங்கினா. கிணற்றடிக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு போனா. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றா. நாக்குக் குழறியது. பகலிலும் தூக்கம். அயலில் சிலர் செய்வினை என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் இருந்த பயம் வேறு: தலைக்குள் இருக்கும் துண்டு நகர்ந்துவிட்டதோ என்று. பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த இளம் வைத்தியர் முதலில் ஸ்கான் எழுதவில்லை. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பையைக் கவிழ்த்தபோது கதை வெளியே வந்தது. கிளினிக் உறையில் பெனிட்டோயின். பக்கத்தில், இடையில் ஒருமுறை தனியாரிடம் காட்டியபோது எழுதிக் கொடுக்கப்பட்ட, பளபளக்கும் அட்டையில் வேறொரு பெயருள்ள குளிசை. இரண்டும் ஒன்றே. சித்தி இரண்டையும் ஒழுங்காக, ஒரு வேளை தவறாமல், இரண்டு மாதமாக விழுங்கி வந்திருக்கிறா.

இரத்தத்தில் பெனிட்டோயினின் அளவு பார்த்தார்கள். ஒரு லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கவேண்டியது 30ஐத் தாண்டியிருந்தது. செல் துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு மருந்துக்கு ஏன் இரண்டு பெயர், இருபது பெயர் என்ற கேள்வியை இந்த நாட்டில் முதன்முதலில் அரசாங்கத்தின் மேசையில் வைத்தவர் பேராதனையில் மருந்தியல் படிப்பித்த ஒரு சிங்களப் பேராசிரியர். பெயர் சேனக பிபிலே. மருத்துவம் படித்த எங்கள் மூத்த தலைமுறைக்கு நன்கு தெரிந்த பெயர். மற்றவர்களுக்கு, தேர்தல் வரும்போது மட்டும் மேடைகளில் கேட்கும் பெயர்.

அவர் 1920 பெப்ரவரியில் பிறந்தார். பெயரில் இருப்பதுதான் ஊரும்: ஊவாவில், இன்றைய மொனராகலை மாவட்டத்திலுள்ள பிபிலை. வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். ஆனால் சுற்றியிருந்த வெல்லஸ்ஸ பிரதேசம் மலேரியாவும் வறுமையும் குடிகொண்ட நிலம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்துவிட்டு கொழும்பு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1945இல் முதல் வகுப்பில் தேறினார். அப்படித் தேறிய ஒருவர் அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணராகவோ பொது வைத்திய நிபுணராகவோ போய், கொழும்பு ஏழில் ஒரு வீடும் பெரிய பெயர்ப்பலகையுமாக இருந்திருக்கலாம். இவர் மருந்தியலைத் தேர்ந்தெடுத்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். லங்கா சமசமாஜக் கட்சிக்காரர் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

1962இல் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் உருவானது. பிபிலே அங்கே வந்தார். 1960களின் பிற்பகுதியில் அதன் பீடாதிபதியாகவும் இருந்தார். மருத்துவத்தை எப்படிப் படிப்பிப்பது என்பதே ஒரு தனித் துறை என்று அவர் நம்பினார். பேராதனையில் மருத்துவக் கல்விக்கென ஒரு பிரிவு உருவாகி, பிற நாட்டு ஆசிரியர்களும் அங்கு வந்து பயிற்சி பெற்றுப் போனதற்கு அவரே முதற் காரணம். இன்று நாங்கள் காணும் பேராதனைப் போதனா வைத்தியசாலை அவர் காலத்தில் இல்லை. அது 1980இல்தான் திறக்கப்பட்டது. அவருடைய மாணவர்கள் கண்டி வைத்தியசாலை வார்டுகளில்தான் நோயாளிகளைப் பார்த்துப் பழகினார்கள்.

மருந்தியல் என்பது ஒரு விதத்தில் நஞ்சியல்தான். எந்த மருந்தும் ஓர் அளவு வரைக்கும் மருந்து. அதன் கீழே போனால் வெறும் மா, மேலே போனால் நஞ்சு. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையில் சில மருந்துகளுக்குப் பெரிய வெளி இருக்கிறது. அமொக்சிசிலின் ஒன்று கூடிப்போனால் வயிற்றோட்டத்தோடு போய்விடும். வேறு சிலவற்றுக்கு அந்த வெளி ஒரு வரம்பு அளவுதான். பெனிட்டோயின் அதில் ஒன்று, அதிலும் பொல்லாத ஒன்று. பெரும்பாலான மருந்துகளில் குளிசையை ஒன்றரை மடங்காக்கினால் இரத்தத்தில் அளவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பெனிட்டோயினை ஈரல் உடைத்து வெளியேற்றும் வேகத்துக்கு ஒரு உச்சம் உண்டு. அந்த உச்சத்தைத் தொட்டபின் கால்வாசி கூட்டினாலே இரத்தத்தில் இரண்டு மடங்காக ஏறிவிடலாம். முதலில் கண் தானாகத் துடிக்கும். பிறகு நடை தள்ளாடும். அதற்கும் மேலே போனால் மயக்கம், குழப்பம். சித்திக்கு வந்த எல்லாமே பாடப்புத்தகத்தில் இருக்கும் வரிசையில்தான் வந்தன.

பிபிலே படிப்பித்த காலத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பது வழமையான சோதனையாக இருக்கவில்லை. அதனால்தான் அவர் வேறு வழியால் வந்தார் என்று நான் நினைக்கிறேன். ஒரு வைத்தியரால் இரண்டாயிரம் மருந்துகளின் அளவையும் நச்சுக்குணத்தையும் நினைவில் வைத்திருக்க முடியாது. சில நூறு மருந்துகளை வைத்திருக்க முடியும். அந்தச் சில நூறையும் அவற்றின் உண்மைப் பெயரால் அறிந்திருந்தால் தவறு குறையும். 1950களின் இறுதியிலேயே அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கையேட்டை உருவாக்கும் குழுவில் அவர் முன்னின்றார். எந்த நோய்க்கு எது, எவ்வளவு, எச்சரிக்கை என்ன, எல்லாம் பொதுப்பெயரில். வைத்தியசாலை மருந்தகங்கள் அந்தப் பட்டியலுக்குள் வந்தன. தனியார் சந்தை வரவில்லை. அங்கே ஒரே மருந்து பல கம்பனிகளின் பெயரில், பல மடங்கு விலை வித்தியாசத்தில் விற்பனையானது. கம்பனிப் பிரதிநிதிகள் பெட்டியோடு வைத்தியர்களின் வாசலில் நின்றார்கள். இன்றும் நிற்கிறார்கள், பெட்டிக்குப் பதில் மடிக்கணினி.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்தது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதில் பங்காளிகள். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து மருந்துத் துறை பற்றி ஓர் அறிக்கையைக் கொடுத்தார்கள். அதன் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, பிபிலே அதன் முதல் தலைவரானார். நாங்கள் இன்று ஒசுசல என்று கண்டுகொள்ளும் கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை.

அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், தனியார் துறைக்கு இறக்குமதியாகிவந்த சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். ஒரே சரக்கு வேறு வேறு பெயரில் வந்ததெல்லாம் போயிற்று. இறக்குமதி படிப்படியாகக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகம் முழுவதற்கும் கேள்விப்பத்திரம் போட்டு, தரம் தேறியதில் மலிவானதை வாங்கினார்கள். பெயர் பெற்ற கம்பனிகள் கேட்டுவந்த விலையின் ஒரு பங்குக்கே பல மருந்துகள் கிடைத்தன. பின்னர் பொருளியலாளர் சஞ்சய லாலோடு சேர்ந்து இந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். அது 1977இல் வெளிவந்தது.

எதிர்ப்பு உடனே வந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளிடமிருந்து மட்டுமல்ல, உள்ளூர் வைத்தியர்களில் ஒரு பகுதியினரிடமிருந்தும். அவர்கள் வைத்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அது இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பற்றிய வாதம். பெயர் ஒன்றாக இருந்தாலும், எங்கோ ஒரு நாட்டில் மலிவாகச் செய்த குளிசை வயிற்றில் அதே மாதிரிக் கரையுமா? இரத்தத்தில் அதே அளவு ஏறுமா?

அக்காலத்தில் அது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1971இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில் இதய மருந்தான டிஜொக்சினை வெவ்வேறு தயாரிப்புகளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குளிசையில் எழுதியிருந்த அளவு ஒன்று, இரத்தத்தில் ஏறிய அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு ஏழு மடங்கு வரை வேறுபட்டது. டிஜொக்சினுக்கு இரத்தத்தில் இருக்கக்கூடியது மில்லிலீற்றருக்கு ஒன்று, இரண்டு நனோகிராம் அளவுதான். இப்போது இதயச் செயலிழப்புக்கு அதையும் குறைத்து ஒன்றுக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். கூடினால் முதலில் சாப்பாட்டில் வெறுப்பு, ஓங்காளம். சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். பிறகு நாடி தாறுமாறாகும். அப்படிப்பட்ட மருந்தில் ஏழு மடங்கு என்பது விளையாட்டல்ல.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியைக் கம்பனிகள் சொல்லவில்லை. அதே ஆய்வில் ஒரே தயாரிப்பாளரின் இரண்டு தொகுதிகளுக்கிடையிலும் வித்தியாசம் இருந்தது. பிரித்தானியாவில் மிகவும் பெயர்பெற்ற டிஜொக்சின் குளிசையின் தயாரிப்பு முறையை அதன் கம்பனி 1972இல் மாற்றியபோது, உடம்பு உறிஞ்சும் அளவு இரண்டு மடங்கானது. பெயரும் அதே, நிறமும் அதே. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1968இல் பெனிட்டோயின் எடுத்துவந்த பலர் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள், என் சித்தியைப் போலவே. தேடிப் பார்த்தபோது, குளிசையில் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப் பொருளைக் கல்சியம் சல்பேற்றிலிருந்து லக்ரோசுக்கு மாற்றியிருந்தார்கள். மருந்தின் அளவு கூடவில்லை, உறிஞ்சப்படும் அளவு கூடியது. அதுவும் பெரிய பெயருள்ள மருந்துதான்.

ஆகவே கேள்வி வர்த்தகப் பெயரா பொதுப்பெயரா என்பதல்ல. சோதித்துப் பார்ப்பவர் யார் என்பதுதான். பிபிலேயின் திட்டத்தில் பொதுப்பெயரும், ஒரே இடத்தில் கொள்வனவும், தரப் பரிசோதனையும், வைத்தியர்களுக்குத் தொடர்ந்து தகவல் கொடுப்பதும் ஒன்றாகவே இருந்தன. பின்னால் வந்தவர்கள் பலர் மலிவு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

ரெட்ராசைக்கிளின் விவகாரம்தான் அவருடைய தோல்வியின் தொடக்கம். கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு கொழும்பிலுள்ள தொழிற்சாலையில் கப்சியூல் செய்து தரும்படி பைசர் நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் உடன்படவில்லை. நாட்டில் வாந்திபேதி பரவிய வேளை. மருந்தை அதிக செலவில் விமானத்தில் இறக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார், பேச்சு அடங்கியது. உணவுக்கே வெளிநாட்டு உதவியை நம்பியிருந்த அரசாங்கத்துக்கு அதற்குமேல் போகத் தைரியம் இருக்கவில்லை. 1975இல் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அதற்குப் பிறகு பிபிலேயின் பின்னால் நிற்க ஆளில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்கக்கூடியதை நானே கேட்கிறேன். இதே அரசாங்கம்தானே தரப்படுத்தலைக் கொண்டுவந்தது? ஆம். 1971 அனுமதியில், பிபிலே படிப்பித்த அதே பேராதனையின் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி 229, தமிழ் மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250. 1972 அரசியலமைப்பை வரைந்ததில் முன்னின்ற கொல்வின் ஆர். டி சில்வா இவருடைய கட்சிக்காரர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற கட்சி அது. எங்கள் பிள்ளைகள் பேராதனைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த அதே வருடங்களில், எங்கள் தாய்மார் மலிவு விலையில் மருந்து வாங்கினார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பிபிலேயைச் சிங்கள இடதுசாரிகள் ஒரு புனிதராக வைத்துக் கும்பிடும்போது நான் சற்று விலகி நிற்பதற்கு இதுதான் காரணம். அவருடைய வேலையை மதிப்பதற்குக் கும்பிட வேண்டியதில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. திறந்த பொருளாதாரம் வந்தது, தனியார் இறக்குமதி திரும்பவும் திறக்கப்பட்டது, வர்த்தகப் பெயர்கள் கடைகளை நிறைத்தன. பிபிலே அதற்கு முன்பே ஐக்கிய நாடுகள் சபையின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்புக்காக வேலை செய்யப் போயிருந்தார். இலங்கையில் செய்ததை கரிபியன் நாடுகளில் செய்யலாமா என்று பார்ப்பது அவருடைய பணி. அந்தப் பணியில் கயானாவில் இருந்தபோது, 1977 செப்டெம்பர் 29 அன்று, 57 வயதில் இறந்தார். மாரடைப்பு என்று சொல்லப்பட்டது. கம்பனிகள் கொன்றுவிட்டன என்ற சந்தேகம் இன்றுவரை பேசப்படுகிறது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அடுத்த மாதமே ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எந்த நாட்டுக்கும் அவசியமானவை என்று சுமார் 200 மருந்துகளைப் பொதுப்பெயரில் பட்டியலிட்டது. 1982இல் பங்களாதேஷ் தன் மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்தது. இலங்கையின் முன்மாதிரி அந்த இரண்டுக்கும் முன்னால் இருந்தது.

எங்களுக்கு வந்தது வேறு. 1990களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மருந்துப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். வன்னியில் இறுதி மாதங்களில் மயக்க மருந்தே போதுமானதாக இல்லாமல் சத்திரசிகிச்சை நடந்தது. அவசியமான மருந்து எது என்ற பட்டியலை பிபிலே எந்த அரசுக்குக் கொடுத்தாரோ, அந்த அரசு தன் நாட்டின் ஒரு பகுதிக்கு அதை எண்ணி எண்ணி அனுப்பியது. 2022 மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டபோது தென்னிலங்கை அதிர்ந்தது. வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு அது பழகிய செய்தி.

2015இல் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தபோது, பிபிலேயின் கொள்கை கடைசியில் வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வெடித்தது. சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். சோதிப்பவர் யார் என்ற பழைய கேள்வி திரும்ப வாசலில் வந்து நின்றது.

போருக்குப் பிறகு எங்கள் வீடுகளில் உள்ள மருந்துப் பைகளைப் பாருங்கள். தலையில் காயப்பட்டவர்களின் வலிப்புக் குளிசை. மனம் உடைந்தவர்களுக்கு லித்தியம். முட்டுக்காரருக்குத் தியோபிலின். வால்வு மாற்றியவர்களுக்கு வார்பரின். வரம்பு அளவு வெளியுள்ள மருந்துகள் இவைதான். லித்தியம் இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். 1.5ஐத் தாண்டினால் கை நன்றாக நடுங்கும், வயிற்றோட்டம் வரும், பேச்சுக் குழறும். குளிசையைக் கூட்டாமலே அது ஏறலாம். கிளிநொச்சி வெயிலில் நாள் முழுக்க வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் விட்டாலும், வயிற்றோட்டத்தில் நீர் இழந்தாலும், மூட்டுநோவுக்கு டைக்ளோபெனக் வாங்கிப் போட்டாலும் ஏறும். தியோபிலின் எடுப்பவருக்குச் சிப்ரொபுளொக்சசின் கொடுத்தால் நெஞ்சு படபடத்து வாந்தி வரும், வலிப்பும் வரலாம். பெனிட்டோயின் எடுப்பவர் காசநோய்க்கு மருந்து தொடங்கினால், அதிலுள்ள ஐசோனியாசிட் பெனிட்டோயினை இரத்தத்தில் தேங்கவைக்கும். வார்பரினுக்கு மருந்தின் அளவைப் பார்ப்பதில்லை, இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில். முரசில் இரத்தம் கசிந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக்கூடாது.

பனடோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் அதிலும் குறைவு. தடிமல் மருந்துக்குள்ளும் அதே பரசிட்டமோல் வேறு பெயரில் ஒளிந்திருப்பதால் தெரியாமலே கூடிவிடுகிறது. முதல் நாள் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, ஈரல் பின்னர்தான் சொல்லும். அதனால் சுகமாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மாற்றுமருந்து இருக்கிறது, எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

இந்த அறிகுறிகளில் ஏதும் தெரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக வலிப்பு மருந்தை. திடீரென்று விட்டால் அடக்கமுடியாத வலிப்பு வரும். பையோடு வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்தச் சோதனை எழுதினால், கடைசியாக எத்தனை மணிக்குக் குளிசை போட்டீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். லித்தியத்துக்குக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்கவேண்டும். நேரம் தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எல்லா வைத்தியசாலையிலும் இந்தச் சோதனை இல்லை, வெளியே செய்யக் காசு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

கடதாசி உறைகளில் பெயர் இன்னும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது, அதுவும் அவசரக் கையெழுத்தில். சித்தி எட்டாம் வகுப்போடு நின்றவ. இப்போது அவவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. மருந்தகத்தில் இருக்கும் பெடியனிடம் கேட்டு ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறா. யார் புதிதாக எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் அந்தக் கொப்பியைத்தான் நீட்டுகிறா. போன மாதம் ஒரு வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, தான் எழுதிய துண்டை வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறார்.